வட்டும் கடிதமும்: கல்லூரி நூலகத்தில் ஆவணப்படங்களைச் சேர்ப்பது எப்படி?

பல கல்லூரி நூலகங்களில் ஆவணப்படம் இருக்கிறதா என்று கேட்டால் ஒரு கண்ணாடி பீரோவைக் காட்டுவார்கள். பாடநூல்களோடு இலவசமாக வந்த சிடிக்கள், கருத்தரங்குக்கு வந்தவர் கொடுத்துவிட்டுப் போன இரண்டு மூன்று டிவிடிக்கள், கல்லூரி ஆண்டு விழா வீடியோ, அடித்தட்டில் வெள்ளை பூத்த விஎச்எஸ் கேசட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். யாரும் தேர்ந்தெடுத்து வாங்கியவை அல்ல. எந்தப் படத்தை எந்த உரிமையில் வைத்திருக்கிறோம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

கதைப்படத்தின் டிவிடி தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். புத்தகம் கிழிந்தால் வேறு நூலகத்தில் ஒரு பிரதி கிடைக்கும். ஆவணப்படத்தின் நிலைமை வேறு. தனியாகப் படமெடுக்கும் பலர் தம் கணினியிலேயே வட்டில் பதிந்து, திரையிடல் நடக்கும் அரங்கின் வாசலில் மேசை போட்டு விற்றவைதான் உலகத்தில் உள்ள மொத்தப் பிரதிகளும். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் பல நாடுகளுக்கு அலைந்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு ஆவணப்படம் வெளியிட்டார். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தின் பிரதியே பின்னாளில் நெடுங்காலம் கைக்குக் கிடைக்காமல் போயிற்று. இருபது வருடத்துக்கு முன் மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ நாடாவில் எடுத்த படங்களுக்கு இன்று அதே கதிதான் நடந்துகொண்டிருக்கிறது.

புதிதாக இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் நூலகர் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு படத்துக்குப் பணம் கொடுக்கும்போது நூலகம் இரண்டை வாங்குகிறது: படம் பதிந்திருக்கும் பொருள், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற அனுமதி. பொருள் என்றாவது கெடும். அனுமதி கோப்பில் பத்திரமாக இருந்தால் பொருளைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் வட்டு மட்டும் இருந்தால், வட்டு கெட்ட அன்றே படமும் போயிற்று.

எதை வாங்குவது

வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்துக்குச் சேகரக் கொள்கை எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்தப் பாடங்களுக்காக வாங்குகிறோம், எந்த மொழிகள், எந்த வடிவங்கள், எதை வாங்க மாட்டோம், புகார் வந்தால் யார் முடிவெடுப்பது என்பவை அதில் இருந்தால் போதும். கடைசி விஷயத்தைச் சிலர் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாதி, மதம், அணைக்கட்டு, அணுஉலை என்று ஆவணப்படங்கள் தொடும் பொருள்கள் எல்லாம் சூடானவை. “இந்தப் படம் இங்கே ஏன் இருக்கிறது?” என்று ஒருவர் வந்து நிற்கும்போது, நூலகர் தனியாளாக நின்று பதில் சொல்லாமல் இருக்க அந்தக் கையெழுத்து உதவும்.

துறைகளிடம் “என்ன படம் வேண்டும்?” என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பெயர்கள் வரும். “எந்தத் தாளில், எந்த அலகுக்கு, எத்தனை நிமிடம் காட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். கல்லூரி வகுப்பு பெரும்பாலும் 50 நிமிடம். தொலைக்காட்சிக்காக எடுத்த ஆவணப்படங்கள் 26 அல்லது 52 நிமிட அளவில் இருப்பவை. ஒன்று வகுப்புக்குள் அடங்கும், மற்றது விளிம்பில் நிற்கும். 90 நிமிடப் படத்தை ஆசிரியர் முழுதாகக் காட்டப் போவதில்லை. அதிலிருந்து எட்டு நிமிடம்தான் எடுப்பார். அதற்காக அந்தப் படத்தை வாங்கக் கூடாது என்பதில்லை. பட்டியலில் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுதிவைக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

பட்ஜெட்டில் பாதியையாவது கல்லூரி இருக்கும் வட்டாரத்துப் படங்களுக்கு ஒதுக்குவது நல்லது. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி என்றால் தாமிரபரணி, பீடி சுற்றும் பெண்கள். நாகப்பட்டினம் என்றால் மீன்பிடித் தொழில், 2004 சுனாமி. உலகப் புகழ் பெற்ற படங்களை யாராவது காப்பாற்றுவார்கள். உங்கள் மாவட்டத்தில் ஒருவர் சொந்தக் காசில் எடுத்த 40 நிமிடப் படத்தை நீங்கள் வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கப் போவதில்லை.

நிறுவனங்களின் விளம்பரப் படங்கள், தொலைக்காட்சியில் ஓடும்போது பதிந்தவை, யூடியூபிலிருந்து இறக்கியவை ஆகிய மூன்றும் வேண்டாம். காட்சித் தொடர்பியல் மாணவர்களின் படங்களை வாங்கலாம், ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் சம்மதக் கடிதம் கூடவே வர வேண்டும்.

எங்கே கிடைக்கும்

இந்தியாவில் மிகப் பெரிய கையிருப்பு பிலிம்ஸ் டிவிஷனுடையது. 1948-இல் தொடங்கி, செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் குறும்படங்களுமாக 8,000-க்கு மேல் எடுத்த அரசு நிறுவனம். 2022-இல் அதுவும், 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. எனவே பழைய முகவரிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள். விசாரணை இப்போது கழகத்துக்குத்தான் போக வேண்டும். 2000-இல் தொடங்கிய பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தனி இயக்குநர்களுக்கு நிதி கொடுத்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்க வைத்தது. பாடத்திட்டத்தை ஒட்டிய காணொளிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் உள்ள கல்விப் பல்லூடக மையங்களைக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 1984-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய கல்வி ஒளிபரப்பின் வழியில் வளர்ந்தவை இவை.

மீதிப் படங்களுக்கு இயக்குநரிடமே போக வேண்டும். மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அவரே பதில் போடுவார். இங்கே சிக்கல் கணக்குப் பிரிவில்தான் வரும். மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். அந்தப் படத்தை விற்பவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். தனியாள் ஒருவருக்கு அது இருக்காது. “இப்படத்தின் விற்பனை உரிமை முழுவதும் என்னிடமே உள்ளது” என்று உரிமையாளரிடம் ஒரு சான்றும், “ஜிஎஸ்டி பதிவு இல்லை” என்று ஓர் உறுதிமொழியும் முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால் கோப்பு மேசைக்கு மேசை அலையாது.

வெளிநாட்டுப் படங்களை இணையத்தில் ஓடவிடும் சந்தா நிறுவனங்கள் உண்டு. கனோப்பி, அலெக்ஸாண்டர் ஸ்ட்ரீட் போன்றவை. ஆயிரக்கணக்கான படங்கள் ஒரே நாளில் கிடைக்கும் என்பது கவர்ச்சிதான். ஆனால் இது வாடகை வீடு. சந்தா நின்ற மாதம் படமும் நிற்கும்; உரிமையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் சந்தா இருக்கும்போதே படம் காணாமல் போகும். சில திட்டங்களில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதற்கேற்பப் பில் ஏறும்: படம் நன்றாக ஓடினால் நூலகத்துக்கு நஷ்டம். நியூயார்க்கின் மூன்று பொது நூலக அமைப்புகள் செலவு தாங்காமல் 2019 ஜூலையில் கனோப்பியை நிறுத்தியது இதனால்தான். டாலரில் கட்டும் கல்லூரி, செலவுக்கு உச்சவரம்பு வைக்காமல் இதில் கையெழுத்துப் போடவே கூடாது.

ஆசிரியர் தன் சொந்த நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில் வகுப்பில் படம் காட்டலாமா? பொதுவாகக் கூடாது, அந்தக் கணக்கு வீட்டு உபயோகத்துக்கானது. சில ஆவணப்படங்களுக்கு மட்டும், கட்டணமில்லாத கல்வித் திரையிடலுக்கு அந்த நிறுவனமே அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்று அவர்கள் தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது

வகுப்பில் போட்டுக்காட்டுவதற்கு இந்தியச் சட்டம் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(ஜே) பிரிவின்படி, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக ஒரு படத்தைக் காட்டுவது உரிமை மீறல் ஆகாது; பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இரவல் கொடுக்கவும் தடையில்லை. 2012 திருத்தத்துக்குப் பின், முறையாக வாங்கிய பிரதியை லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ இரவல் கொடுப்பது ‘வணிக வாடகை’யில் சேராது.

கோடு எங்கே விழுகிறது என்றால், ஊருக்கே அழைப்பிதழ் அடித்து நடத்தும் திரைப்பட விழாவில். அது வகுப்பு அல்ல. அதற்கு உரிமையாளரிடமிருந்து பொதுத் திரையிடல் உரிமை தனியாக வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் பற்றிய கேள்வியும் அங்கே எழும்.

நகலெடுப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். “பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைத்தால் என்ன தப்பு?” என்று தோன்றும். 52(1)(என்) பிரிவு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்கிறது. நிபந்தனை: டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். விஎச்எஸ் கேசட் டிஜிட்டல் அல்லாதது. அதற்கு இந்த வழி பொருந்தும். டிவிடி டிஜிட்டல், அதற்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு, கல்லூரி நூலகம் ‘பொது நூலகம்’ ஆகுமா என்பதும் வாதத்துக்குரிய விஷயம். ஆகவே சட்டத்தின் சந்துபொந்துகளில் இடம் தேடுவதைவிட, வாங்கும்போதே நகலெடுக்க எழுத்தில் அனுமதி வாங்குவது மேல். பெரும்பாலான இயக்குநர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். தம்மிடம் உள்ள மூலக்கோப்பு எந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்றே மறந்துபோனவர்கள் அவர்களில் உண்டு.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ இயக்குநர் அல்ல, தயாரிப்பாளர். ஒரு தொலைக்காட்சியோ அறக்கட்டளையோ அரசுத் துறையோ பணம் போட்டு எடுத்த படம் என்றால், இயக்குநர் அன்போடு எழுதிக் கொடுக்கும் கடிதம் செல்லாமல் போகலாம். படத்தின் கடைசித் தலைப்புகளில் யார் பெயருக்கு முன்னால் உரிமைக் குறி (©) இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் அவருக்குப் போகட்டும்.

கடிதம் சுருக்கமாக, ஆனால் ஒன்றும் விடாமல் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“ஐயா/அம்மா, தங்களின் (படப்பெயர், ஆண்டு, நிமிடம்) படத்தை எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வாங்க விரும்புகிறோம். ஒரு டிவிடியோ அல்லது பூட்டில்லாத கோப்போ தாருங்கள். (அ) மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இரவல் கொடுக்க, (ஆ) கல்லூரி வளாகக் கணினி வலையில், கடவுச்சொல்லோடு, ஒரே நேரத்தில் 40 பேர் வரை பார்க்க, (இ) பாதுகாப்புக்காக மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளவும், வடிவம் பழசாகும்போது புதிய வடிவத்துக்கு மாற்றவும், (ஈ) கட்டணமின்றி வருடத்தில் இரண்டு முறை வளாகத்தில் பொதுத் திரையிடல் நடத்த, (உ) செவித்திறன் குறைந்த மாணவர்க்காக வசன வரிகள் சேர்க்க, காலவரையின்றி அனுமதி தந்து, ஒவ்வொன்றுக்கும் விலை தெரிவிக்க வேண்டுகிறோம். படத்தில் உள்ள இசைக்கும் பழைய காட்சித் துண்டுகளுக்கும் தாங்கள் பெற்ற உரிமை இவற்றுக்கு இடமளிக்கிறதா என்பதையும் குறிப்பிடவும்.”

கடைசி வரி முக்கியம். விழாக்களில் காட்ட மட்டும் என்று குறைந்த விலைக்கு ஒரு பாட்டையோ செய்திக் காட்சியையோ இயக்குநர் வாங்கியிருப்பார். அப்போது வளாக வலையில் ஓட்ட அனுமதி தர அவருக்கே அதிகாரம் இருக்காது. ‘காலவரையின்றி’ என்பதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் பத்தாண்டாவது கேளுங்கள். மூன்றாண்டுக்குக் கீழே இறங்கினால் வாங்காமல் இருப்பதே மேல். புதுப்பிக்க யாருக்கும் நினைவிருக்காது. வசன வரிகளைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் ஒரு படைப்பைத் தருவதற்கு 52(1)(இசட்பி) பிரிவும் துணை நிற்கிறது.

பழைய படங்களுக்கு உரிமைக் காலம் எப்போது முடியும்? படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. 1964-இல் வெளியான படத்தின் உரிமை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அரசு எடுத்த படத்துக்கும் இதே கணக்கு. உரிமை முடிந்தாலும் நல்ல பிரதி காப்பகத்திடம்தான் இருக்கும். அதைப் படியெடுத்துத் தர அவர்கள் கட்டணம் கேட்கலாம்.

பதில் வந்ததும் கடிதத்தை அச்செடுத்து ஒரு கோப்பில், சேர்க்கை எண் (நூலகத்தில் சேரும் ஒவ்வொன்றுக்கும் தரும் வரிசை எண்) வரிசையில் வையுங்கள். ஸ்கேன் செய்த பிரதியைப் படக்கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். நூலகரின் சொந்த மின்னஞ்சல் பெட்டியில் மட்டும் கிடந்தால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் அனுமதியும் கூடவே போய்விடும்.

வட்டு வந்தவுடன்

பில்லைக் கணக்குக்கு அனுப்பும் முன் வட்டைச் சோதியுங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் ஆலையில் அச்சடித்தது. ஊதா அல்லது நீலச் சாயல் தெரிந்தால் கணினியில் பதிந்த டிவிடி-ஆர். அதில் தகவல் இருப்பது சாயப் பூச்சில். சூடும் வெயிலும் பட்டால் சாயம் மங்கும். நல்ல வட்டு இருபது வருடம் தாங்கலாம், மட்டமான வட்டு ஐந்து வருடத்தில் போகலாம். எது எப்போது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே ஊதா வட்டு வந்த வாரமே நகலெடுக்கப்பட வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதுவது பரவலான பழக்கம். டிவிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. விரல் படுவதும், கீறல் விழுவதும், பதிவு சறுக்குவதும் விளிம்பில்தான் அதிகம். அதனால் நிறைந்த வட்டில் படத்தின் கடைசிக் கால்மணி நேரமே முதலில் கெடும். அதை ஓட்டிப் பாருங்கள். வசன வரிகள் பட்டியலில் மட்டும் இருக்கிறதா, திரையில் வருகிறதா என்றும் பாருங்கள். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறி வட்டில் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த வட்டு என்றால் அது 1, இந்தியாவுக்கு 5. வகுப்பறை பிளேயர் அதை ஏற்காமல் பிழைச் செய்தி காட்டும். ‘எல்லா மண்டலத்துக்கும்’ என்று போட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

வட்டின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து சுழலும்போது அதிரும். பசை நாளடைவில் கசியும். பார்கோடு பெட்டியில் இருக்கட்டும். சேர்க்கை எண்ணை, வட்டின் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில், நீர் மை கொண்ட வட்டு மார்க்கரால் எழுதுங்கள். முத்திரை குத்தும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீளமாக ஓடும். பிளேயரால் அதைச் சரிக்கட்ட முடியாது.

பட்டியலில் என்ன எழுதுவது

நூலக மென்பொருள் கோஹாவோ வேறொன்றோ, பட்டியல் மார்க் 21 என்ற பதிவு அமைப்பில்தான் இருக்கும். படங்களுக்கென்று புதிதாகக் கற்க வேண்டியது சில புலங்கள்தான், அதாவது தகவல் நிரப்பும் எண்ணிட்ட இடங்கள். 245-இல் தலைப்பு, திரையில் உள்ளபடி. பெட்டியில் வேறு மாதிரி இருந்தால் அது 246-இல். பல தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத் தலைப்பும் உண்டு. இரண்டாலும் தேடக் கிடைக்க வேண்டும். 300-இல் நிமிடம், வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பது. 508-இல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு. 538-இல் வடிவம், மண்டலக் குறி. 546-இல் பேசும் மொழியும் வசன வரிகளின் மொழியும். 700-இல் இயக்குநர். 540-இல் உரிமை: ‘வளாக வலையில் பார்க்கலாம், பொதுத் திரையிடல் இல்லை’ என்று ஒரே வரி. இந்த 540-ஐ நிரப்பாமல் விட்டால், வாங்கிய அனுமதி கோப்புக்குள்ளேயே கிடக்கும், இரவல் மேசையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் நூலகரைத் தேடி வருவார்.

511-ஐ ஆவணப்படத்துக்கு நன்றாகப் பயன்படுத்தலாம். கதைப்படத்தில் நடிகர் பெயர் போகும் இடம் அது. இங்கே விளக்கவுரை பேசியவர், பேட்டி கொடுத்தவர்கள் பெயர்களைப் போடுங்கள். ஒரு போராட்டத் தலைவரைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் அவர் பெயரைத் தட்டினால், அவர் மூன்று நிமிடம் பேசும் படமும் வர வேண்டும். அது எந்த நிமிடம் என்பதை 505-இல் எழுதலாம்: “00:12:30 உப்பளத் தொழிலாளர் பேட்டி, 00:21:05 கூலிப் பேச்சுவார்த்தை, 00:34:40 பழைய செய்திப்படம்.” ஒரு மணி நேரப் படத்துக்கு இந்த நேரக்குறிப்பு எழுத இரண்டு மணி நேரம் பிடிக்கும். எல்லாப் படத்துக்கும் முடியாது. வட்டாரப் படங்களுக்காவது செய்யுங்கள். ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப வருவது இதற்காகத்தான்.

டூயி வகைப்பாட்டில் எல்லாப் படத்தையும் 791.43-இல் அடுக்குவது சோம்பல். அது சினிமா என்ற கலையைப் பற்றிய எண். மணல் கொள்ளை பற்றிய படம் சுற்றுச்சூழலுக்குப் போக வேண்டும், அந்தப் புத்தகங்களோடு தேடலில் சேர்ந்து வர வேண்டும். வட்டு தனி அலமாரியில் இருந்தாலும் எண் பொருளைச் சொல்லட்டும். ஆண்டு விஷயத்திலும் கவனம்: படம் முடிந்தது 1998, டிவிடி வந்தது 2007 என்றால் இரண்டும் பதிவாக வேண்டும். 2007 என்று மட்டும் போட்டால், சுனாமிக்குப் பிந்திய கடற்கரை என்று நினைத்து ஒருவர் அதை மேற்கோள் காட்டிவிடுவார்.

கோப்பு, ஹார்ட் டிஸ்க், கேசட்

அனுமதி கிடைத்த டிவிடியை முழு வட்டுப் படிமமாக, அதாவது ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். ஒற்றை அடுக்கு வட்டு 4.7 ஜிபி வரை, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி வரை கொள்ளும். வட்டு திணறினால் டிடிரெஸ்கியூ மென்பொருள் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பார்ப்பதற்கான பிரதியை, எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பாகத் தனியாகச் செய்யுங்கள். டிவிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மாற்றும்போது டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த வரிகளை ஒரே படமாக்கும்) தேர்வைப் போட மறந்தால், யாராவது கையசைத்தால்கூட விளிம்புகளில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். இயக்குநர் நேரடியாகக் கோப்பு தருகிறார் என்றால், எச்டி படத்துக்கு நொடிக்கு 20 மெகாபிட் அளவில் எச்.264 கேளுங்கள், மணிக்கு 9 ஜிபி வரும், கல்லூரியால் தாங்க முடியும்.

300 வட்டுகள் என்று வையுங்கள். சராசரி 6 ஜிபி என்றால் படிமங்கள் 1.8 டிபி (1,800 ஜிபி), பார்வைப் பிரதிகள் அரை டிபிக்குள். ஆக 4 டிபி ஹார்ட் டிஸ்க் போதும். ஆனால் மூன்று வேண்டும். ஒன்று நூலகத்தில், ஒன்று கல்லூரி சர்வரில், ஒன்று வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில். தரைத்தளம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றையும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் வாங்காதீர்கள். ஒரே குறை மூன்றிலும் இருக்கலாம். ஐந்து வருடம் ஆன டிஸ்கை, ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் சேர்க்கை எண்தான். படப்பெயர், இடைவெளி, ‘இறுதி’, ‘புதிய இறுதி’ எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒரு பட்டியலில் வைத்து, வருடத்துக்கு ஒரு முறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் கோப்பு கெட்டிருக்கிறது. மற்றப் பிரதியிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒப்பிடாமல் விட்டால், கெட்ட கோப்பையே மூன்று இடத்திலும் நகலெடுத்து வைத்திருப்போம். வசன வரிகளை எஸ்ஆர்டி கோப்பாக, படக்கோப்பின் அதே பெயரில் பக்கத்தில் வைத்தால், படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சி தானாக எடுத்துக்கொள்ளும். தமிழ் வரிகள் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்த வரிகள் திரையில் குப்பையாகத்தான் வரும்.

விஎச்எஸ் கேசட்டுகளுக்கு அவசரம் அதிகம். கேசட் பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். முதலில் கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்பொடி படிந்திருந்தால் பூஞ்சை. பிளேயரில் போடவே கூடாது. போட்டால் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அவற்றைத் தனிப் பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல கேசட் என்றால் முதுகுப்பக்கம் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் மேலே பதிய முடியாது. ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதிவெடுங்கள். நாடா ஒட்டிக்கிடந்தால் இதில் இளகும். பாதுகாப்புப் பிரதிக்கு இழப்பில்லாத எஃப்எஃப்வி1 வடிவம் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 45 ஜிபி வரை பிடிக்கும். எல்லாக் கேசட்டுக்கும் இதைச் செய்ய இடம் இல்லையென்றால், வேறெங்கும் கிடைக்காதவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். கடையில் இன்றும் கிடைக்கும் படத்தின் கேசட்டுக்கு நேரம் செலவழிப்பது வீண்.

அறை குளிர்ச்சியாகவும், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிட மோசம்; தினம் ஒரு முறை ஈரம் படிந்து காயும். ஏசி இல்லாத நூலகம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலத்தின் நிறம் மாறும்போது மாற்றிக்கொண்டிருந்தால் போதும். வட்டும் கேசட்டும் புத்தகம் போல நின்ற நிலையில் இருக்கட்டும்.

கழிக்கும்போது

வருடாந்தரச் சரிபார்ப்பில் சில வட்டுகள் ஓடாது. சில சந்தாப் படங்கள் காணாமல் போயிருக்கும். பட்டியலின் 856 புலத்தில் கொடுத்த இணைய இணைப்புகளில் சில செத்திருக்கும். கணக்குத் தணிக்கைக்காகக் கழித்தல் பட்டியல் போடும்போது புத்தகத்துக்குச் செய்வதுபோல் பதிவையே அழித்துவிடாதீர்கள். வட்டைக் கழியுங்கள், சேர்க்கை எண்ணும், பட்டியல் பதிவும், அனுமதிக் கடிதமும் அப்படியே இருக்கட்டும். கோப்பு நல்ல நிலையில் இருந்தால் படம் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறது. பதிவில் ‘வட்டு கழிக்கப்பட்டது, கோப்பு உண்டு’ என்று 583-இல் தேதியோடு ஒரு வரி போதும். கோப்பும் இல்லை, வட்டும் போயிற்று என்றால் அதே வாரம் உரிமையாளருக்கு எழுதுங்கள். கடிதத்தில் இருக்கும் பழைய அனுமதியைக் காட்டி மாற்றுப் பிரதி கேட்டால் பலர் பணம் வாங்காமலே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து எழுதினால் முகவரி மாறியிருக்கும், தொலைபேசி எண் வேறொருவர் கையில் இருக்கும்.

குறைவாகப் பார்க்கப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைக் கழிக்காதீர்கள். இரவல் எண்ணிக்கை பாடத்திட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பாடத்திட்டம் மாறும் வருடத்தில் அதுவரை யாரும் தொடாத படத்துக்கு மாணவர் வரிசை நிற்கும். அதே படம் இன்னும் இரண்டு நூலகத்திலாவது இருக்கிறதா என்று விசாரித்து, இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்த பிறகு முடிவெடுங்கள். இல்லை என்றால் அலமாரியில் அதன் இடம் அதற்கே.